ஆஷ்லோ சரித்திரத்தின் முப்பத்தோராம் பக்கம்

1958 ஜூன் 9

காலையில் டைப்ரைட்டர் ரிப்பன் கிழிந்துவிட்டது. புதுசுக்குத் திருநெல்வேலிக்குத்தான் ஆள் விட வேண்டும். பழையதைத் திருப்பிப் போட்டு இரண்டு பத்திரமும் ஒரு வக்கீல் நோட்டீஸும் அடித்தேன். எழுத்து வெளிறி விழுந்தது. வக்கீல் குமாஸ்தா முகத்தைச் சுளித்தான். சுளிக்கட்டும். தென்காசி கோர்ட்டு வாசலில் பிழையில்லாமல் இங்கிலீஷ் அடிக்க என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

மத்தியானம் குற்றாலத்திலிருந்து அகமது கபீர் என்று ஒரு சமையல்காரர் வந்தார். ஆற்றங்கரை பங்களாவில் வயதான வெள்ளைக்கார துரை ஒருவர் இருக்கிறாராம். கண் தெரியாதாம். ஏதோ புத்தகம் எழுதுகிறாராம். அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து டைப் அடிக்க ஆள் தேடுகிறாராம். துரை பெயர் என்ன என்று சும்மாதான் கேட்டேன்.

பெல்லமி.

நாளை மறுநாள் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு மெஷினை மூடினேன். மதினியிடம் சொல்லவில்லை.

1958 ஜூன் 10

சீமைக்குப் போய்த் தொலைந்தான், இந்நேரம் செத்திருப்பான் என்றுதானே நினைத்திருந்தேன்! மூன்று வருஷமாக நாலு மைல் தள்ளி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறான். எனக்குத் தெரியவில்லை.

ஒரு தடவை நேராக எழுதி வைத்துவிடுகிறேன். 1939 ஐப்பசி. அண்ணன் நாறும்பூநாதன் மலைமேல் எஸ்டேட்டில் கிளார்க். பெல்லமி மேனேஜர். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் சூடு போகும் தகரக் குழாய் ஓட்டையாகிவிட்டது, நெருப்புப் போடக் கூடாது என்று அண்ணன் எழுதிக் கொடுத்தான். மழை பிடிப்பதற்குள் சரக்குக் காய வேண்டும் என்று பெல்லமி விறகை அடுக்கச் சொன்னான். ஸ்டோர் பற்றி எரிந்தது. சூட்டுக்காக உள்ளே ஒதுங்கிப் படுத்திருந்த கூலிப் பெண் ஒருத்தியும் அவள் கைக்குழந்தையும் செத்துப்போனார்கள்.

அண்ணன் அன்று மலையிலேயே இல்லை. மகளுக்குப் பெயர் வைக்க வீட்டுக்கு வந்திருந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். பெல்லமி கோர்ட்டில் பைபிளைத் தொட்டு, நாறும்பூநாதன் தீப்பந்தத்தோடு ஓடியதைக் கண்ணால் பார்த்தேன் என்றான். நானும் சாட்சி சொன்னேன், பதினேழு வயதில். வீட்டு ஆள் சாட்சி செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். ஏழு வருஷம் தண்டனை. மூன்றாம் வருஷம் ஜெயிலில் வயிற்றுப்போக்கில் போனான். இருபது வயதில் மதினி தாலியறுத்தாள்.

அந்தக் கண்தான் இப்போது தெரியவில்லையாம். நல்லது. காது இருக்கிறதல்லவா?

1958 ஜூன் 11

போனேன். அடையாளம் தெரியவில்லை, எனக்கு. ஆறடி ஆள் கூன் விழுந்து, பிரம்பு நாற்காலியில் பாதிக்குத்தான் இருக்கிறான். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது. பெயர் கேட்டான். சுப்பிரமணியன் என்றேன். எனக்கு ஐம்பது சுப்பிரமணியனைத் தெரியும் என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் வாய் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருக்கிறேன்.

புத்தகம் என்ன தெரியுமா? அவன் பிறந்த ஊரின் சரித்திரமும் பூகோளமும். ஆஷ்லோ என்று பெயர். ஊர் என்றே சொல்ல முடியாது. இங்கிலாந்தில், வெல்லன் என்ற ஓர் ஆற்றங்கரையில் இருபத்து மூன்று வீடு, ஒரு மாவு மில், ஒரு சர்ச், மூன்று வளைவுள்ள கற்பாலம். அந்த ஊர்ப் பாதிரியார் இதை அச்சுப் போட்டு சர்ச்சின் திருநாளுக்கு விற்கப் போகிறாராம். சுதந்திரத்துக்குப் பிறகு பெல்லமி ஒரு தடவை அங்கே திரும்பிப் போயிருக்கிறான். நெஞ்சு குளிர் தாங்கவில்லை. சொந்தக்காரர் யாரும் மிச்சமில்லை. திரும்பி இங்கேயே வந்துவிட்டான்.

காலை எட்டு முதல் பதினொன்று வரை அவன் சொல்வான், நான் எடுப்பேன். பிற்பகலில் அங்கேயே டைப் அடித்துவிட்டு மறுநாள் படித்துக்காட்ட வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

என்ன செய்யப் போகிறேன் என்று இன்னும் தெரியாது. செய்யாமல் விடமாட்டேன் என்பது மட்டும் தெரியும்.

1958 ஜூன் 20

படித்துறை வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போகச் சொன்னான். படியெல்லாம் பாசி. கையை விட்டிருக்கலாம். விடவில்லை. தண்ணீரில் போவது அவனுக்குச் சின்னத் தண்டனை.

1958 ஜூலை 2

நான்கு அத்தியாயம் முடிந்தது. எனக்கு இப்போது ஆஷ்லோவில் கண்ணைக் கட்டிவிட்டால்கூட வழி தெரியும். பாலத்திலிருந்து மில்லுக்கு ஒரு பர்லாங். மில்லிலிருந்து சர்ச்சுக்கு ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் நாணல். மூன்றாவது வீட்டில் இருநூறு வருஷத்துக்கு முன்னால் குடியிருந்த செருப்புத் தைக்கிறவனுக்கு எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளை எந்தக் காய்ச்சலில் போயிற்று என்பது வரை சொல்கிறான். 1770 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன பசுமாட்டின் பெயர் டெய்ஸி. அதைச் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. நான் பென்சில் சீவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன், இல்லாவிட்டால் அந்த நாற்காலியோடு அவனைக் கவிழ்த்திருப்பேன். மாட்டுக்கு அழுகிற ஆள்!

அவனுக்கு இந்த உலகத்தில் மனைவி இல்லை, பிள்ளை இல்லை, சொத்து இல்லை. ஆஷ்லோ ஒன்றுதான் இருக்கிறது. அதில் அவன் குடும்பத்துக்குப் பெரிய மதிப்பு. சர்ச் சுவரில் பெல்லமி வம்சத்தின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருக்கிறதாம். அதைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம்.

1958 ஜூலை 13

செங்கோட்டையிலிருந்து வந்து அண்ணன் மகள் கல்யாணசுந்தரியைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஆள் விட்டுவிட்டார்கள். பெண் பிடித்திருக்கிறதாம். ஜாதகம் பொருந்துகிறதாம். ஆனால், பச்சைப்பிள்ளைக்காரியைக் கொளுத்தினவன் மகளா என்று பையனின் பெரியப்பா கேட்டாராம். இது நாலாவது இடம்.

 மதினி அடுப்படியில் உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். வேண்டியதற்கு மேல் அரிந்துவிட்டாள், நாலு வீட்டுக்குக் காணும். கல்யாணசுந்தரி கட்டியிருந்த பட்டைக் களைந்து, மடிப்பு மாறாமல் மடித்து, டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு என்னிடம் வந்து, "சித்தப்பா, இனிமே யாரையும் கூட்டிட்டு வராண்டாம்" என்றாள். பத்தொன்பது வயது.

நான் என்னத்துக்கு உயிரோட இருக்கேன்? அங்க போயி அவன் ஊரு மாட்டுக்குப் பேரு எழுதிக்கிட்டு இருக்கேன்.

1958 ஜூலை 15

தெரிந்துவிட்டது. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்தது.

ஐந்தாம் அத்தியாயம் மில்லின் கதை. 1811-இல் மில் எரிந்து திரும்பக் கட்டப்பட்டது என்று அவன் ஒரு வரிதான் சொன்னான். நான் அதற்கு ஒரு முழுப் பக்கம் எழுதினேன். முப்பத்தோராம் பக்கம். மில்லில் கணக்கெழுதிய இளைஞன் ஒருவன் புகைக்கூண்டு பழுது என்று எச்சரித்தான். மில்லை நடத்திய ஜோசையா பெல்லமி கேட்கவில்லை. மில் எரிந்தது, உள்ளே தூங்கிய ஓர் ஏழைப் பெண்ணும் குழந்தையும் இறந்தார்கள். ஜோசையா பெல்லமி பைபிளைத் தொட்டு, அந்த இளைஞன் தீப்பந்தத்தோடு ஓடியதைப் பார்த்தேன் என்று பொய்ச்சத்தியம் செய்தார். அவன் சிறையில் மாண்டான். அவன் வம்சத்தை ஊர் இன்றுவரை மறந்திருக்கிறது.

பெயர் வேண்டுமே. நாறும்பூநாதன். நேதன் ஃப்ளவர் என்று அடித்தேன். அசல் வெள்ளைக்காரப் பெயராகவே விழுந்தது. அடித்துவிட்டு நான் தனியே சிரித்ததில் கபீர் பாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

1958 ஜூலை 16

படித்துக்காட்டச் சொன்னான். டைப் அடித்த தாளை மடியில் வைத்துக்கொண்டு, தினமும் போலச் சுருக்கெழுத்து நோட்டைப் பார்த்து, அவன் சொன்னதை அப்படியே வாசித்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். மிகச் சுத்தமான வேலை, சுப்பிரமணியன், என்றான்.

வெள்ளைக்காரன் எழுதிய மூன்று இலக்கணம் படித்து, வக்கீல் ஆபீஸில் அடி வாங்கிக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் இதற்குத்தான் ஆகியிருக்கிறது. எனக்குத் துளிகூட வருத்தமில்லை.

1958 செப்டம்பர் 4

கட்டு ரிஜிஸ்தர் தபாலில் போயிற்று. மொத்தம் தொண்ணூற்றிரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில் தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டான். அச்சாகி வரும் வரை தினமும் வந்து பேப்பரும் கடிதமும் வாசிக்க வேண்டுமாம். வராமல் எங்கே போவேன்?

1958 டிசம்பர் 1

கடிதம் இல்லை.

1959 ஜனவரி 20

கடிதம் இல்லை. ஒவ்வொரு நாளும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டதும் இரண்டு பேரும் ஒரே மாதிரி நிமிர்கிறோம். அவனுக்கு ஒரு காரணம், எனக்கு ஒரு காரணம். கபீர் பாய் எங்களைப் பார்த்து, "பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்துக் கெடக்க பிள்ளைய மாதிரி இருக்கிய ரெண்டு பேரும்" என்கிறார்.

1959 மார்ச் 18

வந்துவிட்டது. புத்தகமும் பாதிரியார் கடிதமும்.

கடிதம் முழுவதையும் வாசித்தேன். ஒரு வரிகூடத் தாண்டவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும் என்றுதானே எட்டு மாதம் காத்திருந்தேன். முதலில் நன்றி, பாராட்டு, இருநூறு பிரதியும் விற்றுப்போன செய்தி. பிறகு நேதன் ஃப்ளவர். அந்தப் பக்கத்தைப் படித்து ஊரே கலங்கிவிட்டதாம். பதிவேட்டில் தேடியிருக்கிறார்கள், பெயர் இல்லை. ஆனால் ஊரில் இரண்டு கிழவிகள், ஆமாம், எங்கள் பாட்டி அந்தப் பையனைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள் என்றார்களாம்! கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். பெல்லமி வம்சத்துப் பித்தளைத் தகட்டை மெருகேற்றக் கழற்றினார்களாம். திரும்ப மாட்ட யாருக்கும் மனம் வரவில்லையாம். உங்கள் குடும்பத்தின் பாவத்தை நீங்களே எழுதிய தைரியத்தை மெச்சுகிறேன் என்று பாதிரியார் முடித்திருந்தார்.

அவன் வாய் திறந்தபடி இருந்தது. யார் நேதன் ஃப்ளவர், யார் நேதன் ஃப்ளவர் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பாதிரியாருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றான். இருபது வருஷத்தில் எனக்கு வயிறு குளிர்ந்த ஒரே நேரம் அதுதான்.

கடிதத்தின் கீழே ஒரு குறிப்பு இருந்தது. அதையும் வாசித்தேன், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல். 'ஒரு சிறு திருத்தம். மில்லும் சர்ச்சும் பாலத்துக்கு மேற்கே இருப்பதாகப் பதினேழு இடத்தில் வருகிறது. நம் ஆறு கிழக்கிலிருந்து மேற்கே கடலுக்குப் போவது உங்களுக்குத் தெரியாததல்ல. மில் கிழக்கே இருக்கிறது. ஊரே திரும்பிப் படுத்துவிட்டது.'

அவன் நாற்காலியில் நிமிர்ந்தான். பிறகு நிதானமாகச் சொன்னான்: "நான் 'மேற்கே' என்று சொல்லவில்லை. 'ஆற்றுக்கு மேலே' என்று சொன்னேன், தண்ணீர் வருகிற பக்கம். மேலே என்றால் மேற்கு என்று யாருக்குத் தோன்றும்? மலையும் மழையும் தண்ணீரும் மேற்கிலிருந்து வருகிற ஊர்க்காரனுக்கு. தாளில் இருப்பது நான் சொன்னது அல்ல, சுப்பிரமணியன். நீ யார்?"

எனக்கு முகம் எரிந்தது. நேதன் ஃப்ளவருக்காக இல்லை. அது நான் வேண்டுமென்று செய்தது. இது, என்னை அறியாமல், பதினேழு இடத்தில்! சிற்றாற்றங்கரையில் பிறந்தவன் புத்தி. மேக்க என்றால் மேலே, கிழக்க என்றால் கீழே. இத்தனை வருஷம் பிழையில்லாமல் அடித்தவன்.

நாறும்பூநாதன் தம்பி என்றேன். தமிழில் சொன்னேன்.

1959 மார்ச் 19

போகவில்லை.

1959 மார்ச் 22

கபீர் பாய் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூன்று நாளாகத் துரை சாப்பிடவில்லையாம். திருத்தச் சீட்டு ஒன்று அடித்துச் சீமைக்கு அனுப்ப வேண்டும், நான்தான் அடிக்க வேண்டும் என்கிறானாம். வேறு யாரையும் நம்பமாட்டானாம். கேட்க எப்படி இருக்கிறது? என்னை நம்புகிறான்!

போனேன். ஆற்றைச் சரியாக ஓட வை, என்றான். நேதன் ஃப்ளவர் என்று ஒருவன் ஆஷ்லோவில் இருந்ததில்லை என்று அடி. ஜோசையா பெல்லமி யோக்கியர் என்று அடி. கெஞ்சினான் என்று எழுத ஆசைதான், ஆனால் கெஞ்சவில்லை. சொல்லிக்கொண்டே போனான்.

அடிக்கிறேன் என்றேன். உன் ஊர்க் கதையை நான் நேராக்குகிறேன், எங்கள் வீட்டுக் கதையை நீ நேராக்கு. 1939-இல் நடந்ததை நீ சொல்ல, நான் அடிக்க, வக்கீல் முன்னால் கையெழுத்துப் போடு. அது போதாது. எங்கள் வீட்டுக்கு வந்து மதினி காதுபட, தமிழில், உன் வாயால் சொல். பிறகுதான் ஆஷ்லோ.

 குழாயைப் பற்றி நாறும்பூநாதன் எழுதிக் கொடுத்தது உண்மை, என்றான். அந்தத் தாளை நான்தான் கிழித்தேன். எழுதிக்கொள்.

பென்சிலைப் பிடித்தேன். முதல் தடவை எடுத்த சுருக்கெழுத்து எனக்கே புரியவில்லை. இரண்டாவது தடவை சொல்லச் சொன்னேன். சொன்னான்.

1959 ஏப்ரல் 12

ஞாயிறு. பத்து மணிக்கு ஜட்காவில் கூட்டி வந்தேன். தெருவே வாசலில் நின்றது. நிற்கட்டும் என்றுதான் பகலில் கூட்டி வந்தேன். கபீர் பாய் ஒரு கை, நான் ஒரு கை. முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மதினி உள்நடையில், கதவைப் பிடித்தபடி நின்றாள். கல்யாணசுந்தரி அவள் பின்னால்.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எஸ்டேட் தமிழில் சொன்னான். "அம்மா, ஒம் புருசன் நல்ல ஆளு. நெருப்பு வைக்கலே. நான் அவனைப் பாக்கலே. நான் பொய் சொல்லிச்சு. வெறகு போடச் சொன்னது நான்."

அவ்வளவுதான். இந்த நாலு வரிக்கு இருபது வருஷம். மதினி அழுவாள், திட்டுவாள், மயங்கி விழுவாள் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். அவள் நின்ற இடத்திலேயே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அந்தச் செத்துப்போன பொம்பளை பேரு என்ன? காயிதத்துல அதும் எழுதியிருக்கா?"

அவன் என் பக்கம் முகத்தைத் திருப்பினான். அவனுக்குத் தெரியாது. நான் கையிலிருந்த வாக்குமூலத்தைப் பார்த்தேன். 'ஒரு கூலிப் பெண்ணும் ஒரு குழந்தையும்' என்று அடித்திருந்தது. என் கையால் அடித்தது. அதற்கு முன்னால் இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எனக்கும் தெரியாது.

"ரெண்டு பேருக்குமே தெரியாதாக்கும்" என்றாள் மதினி.

அவன் போன பிறகு சொன்னாள். தீர்ப்பு அன்று கோர்ட்டு வாசலில் அந்தப் பெண்ணின் புருஷன், மதினியும் கைக்குழந்தையும் நின்ற இடத்துக்கு வந்து, மண்ணை வாரித் தூற்றினானாம். என் பிள்ளை போன மாதிரி ஒன் பிள்ளையும் வாழாம போகட்டும் என்றானாம். இதை இவ்வளவு வருஷமும் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு சம்பந்தமும் தட்டிப்போகும்போது அவள் நினைத்தது பெல்லமியை அல்ல, அந்த மண்ணைத்தான்.

"தொரை சொன்னது சந்தோசந்தான், தம்பி. ஆனா மண்ணத் தூத்துனவரு வாயாலயே சாபத்த எடுக்கணும். அவருக்கு யாரு போயிச் சொன்னா? அவருகிட்டல்லா மொதல்ல சொல்லியிருக்கணும்."

1959 ஏப்ரல் 15

திருத்தச் சீட்டைத் தபாலில் சேர்த்தேன். சொன்ன சொல் சொன்னதுதான். பதினேழு மேற்கையும் கிழக்காக்கினேன். நேதன் ஃப்ளவரை எடுத்தேன். கல்லை என்ன செய்வார்களோ, அது அவர்கள் பாடு.

மனசுக்குள் ஜெயித்தவன் மாதிரி இல்லை. ஏன் இல்லை? கோபம் அப்படியேதான் இருக்கிறது. எங்கே கொண்டு வைப்பது என்றுதான் தெரியவில்லை.

1959 மே 17

அந்தப் புருஷன் பெயர் சுடலையாண்டி. வாசுதேவநல்லூர்ப் பக்கம். இரண்டு தடவை போய் அலைந்ததில் இவ்வளவு தெரிந்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் ஐந்தருவிக்கு எண்ணெய் தேய்க்க வந்துவிடுவானாம்.

ஐந்தருவி. பெல்லமி பங்களாவிலிருந்து நடந்து போகிற தூரம்.

1959 ஜூன் 21

காலையில் ஐந்தருவி. சாரல் நன்றாக விழுகிறது, கூட்டமும் நல்ல கூட்டம். எண்ணெய் தேய்க்கிறவர்கள் பாறை ஓரமாக வரிசையாக இருந்தார்கள். சுடலையாண்டி யார் என்று கேட்டேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலை முழுக்க நரை, தோள் மட்டும் இளவட்டத் தோள். "உக்காருங்க ஐயா" என்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தலையிலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தார். கழுத்துக்கு வந்தபோது, முகத்தைப் பார்க்காமல் சொல்வது எளிது என்று தோன்றியது. நான் நாறும்பூநாதன் தம்பி என்றேன். கழுத்திலிருந்த கை நின்றது. எடுக்கவில்லை. நின்றது. அந்தக் கைக்கு என்ன பலம் என்று அப்போதுதான் தெரிந்தது.

நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். குழாய் ஓட்டை, அண்ணன் எழுதிக் கொடுத்த தாள், விறகு, பொய்ச்சத்தியம், ஜெயில், சாவு. வக்கீல் முன்னால் துரையே கையெழுத்துப் போட்ட காகிதம் பையில் இருக்கிறது என்றேன்.  அருவிச் சத்தத்தில் அவர் மூச்சு விடுவது கேட்கவில்லை, முதுகில்தான் பட்டது.

"அப்பொ இருவது வருசமா வேற ஆளையா வைஞ்சிருக்கேன்" என்றார்.

பிறகு, கைக்குழந்தையோடு நின்ற அந்தம்மா இருக்காவளா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிற்றா என்றார். ஆகவில்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் முதுகுப் பக்கமிருந்து எழுந்து அருவிக்குப் போய், இரண்டு கையையும் எண்ணெய் போகக் கழுவினார். ஒரு கை தண்ணீர் அள்ளிக் கிழக்குப் பார்த்து விட்டார். திரும்பி வந்து, "நான் அள்ளிப் போட்டதைத் தண்ணில விட்டுட்டேன்னு சொல்லுங்க. அந்தப் பிள்ளை நல்லா இருக்கும்" என்றார்.

உங்க வீட்டுக்காரம்மா பேரு என்ன என்று கேட்டேன்.

"வடிவம்மா. பிள்ளைக்கு இருவது நாளு. பேரு வைக்கல."

எழுதிக்கொண்டேன். ஈரக் கையில் பென்சில் வழுக்கியது.

மறுபடியும் என் பின்னால் வந்து உட்கார்ந்து தோளில் கை வைத்தார். தேய்க்கத் தொடங்கினார், முன்னைவிட மெதுவாக. குரலும் மெதுவாகத்தான் வந்தது. "அந்தத் தொரை இப்பம் எங்கன இருக்காரு?"

எங்கே இருக்கிறார்! அந்த வளைவைத் தாண்டி, ஆற்றோரம், பச்சை அடித்த கேட்டு. காலையில் பத்து மணிக்குப் படித்துறையில் நாற்காலி போட்டு உட்காருவார். கண் தெரியாது. கூட ஒரு சமையல்காரர் மட்டும். சொன்னால் போதும், நான் ஒன்றும் செய்ய வேண்டாம். இருபது வருஷம் நான் வேண்டிக்கொண்டது என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வழி கேட்கிறது.

செத்துப்போயிட்டாரு என்றேன்.

"எப்பம்?"

"கையெழுத்துப் போட்ட மறுவாரம்."

பொய்ச்சாட்சி சொல்வது இவ்வளவு சுலபமா? வாய் குழறவேயில்லை. ஏன் சொன்னேன்? இரக்கம் என்று எழுதமாட்டேன், எனக்கு அந்த ஆள்மேல் இரக்கம் கிடையாது. இந்த மனிதரையும் ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது என்று நினைத்தேனா? அப்படியும் ஒன்று ஓடியது. ஆனால் அதற்கு முன்னாலேயே வாயில் வந்துவிட்டது.

 சுடலையாண்டி கடைசி வரை தேய்த்து முடித்துவிட்டு, எண்ணெய் ஊறட்டும், கொஞ்ச நேரம் கழித்துக் குளியுங்கள் என்றார். இந்தச் சீசன் முழுக்க இங்கேதான் இருப்பாராம்.

வீட்டுக்கு வந்து மதினியிடம் சொன்னேன். வடிவம்மாள் என்று பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சாயங்காலம் கல்யாணசுந்தரிக்குத் தலை வாரிப் பூ வைத்துவிட்டாள். இனி யார் வந்தாலும் கூட்டி வாருங்கள் தம்பி, என்றாள்.

1959 ஜூன் 22

ஏழு மணிக்கே பங்களாவுக்குப் போய்விட்டேன். கபீர் பாயிடம் திருப்புளி கேட்டு வாங்கினேன். சீசன் முடியும் வரை கேட்டைப் பூட்டியே வைக்க வேண்டும், துரை படித்துறைப் பக்கம் உட்கார வேண்டாம், யார் கேட்டாலும் இங்கே துரை கிடையாது என்று சொல்லும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், காரணம் கேட்கவில்லை.

கேட்டுத் தூணில் 'எச். பெல்லமி' என்று ஒரு பலகை. நாலு திருகாணியும் துருப்பிடித்துப்போயிருந்தன. மூன்று வந்தது, நாலாவதை நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து துரை, அது என்ன சத்தம், சுப்பிரமணியன், என்று கேட்டார்.

ஒன்றுமில்லை, காற்று, என்றேன். பலகையைச் சமையலறையில் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பேப்பர் வாசித்தேன்.